பதில் சொல்லாத பெயருக்குப் பச்சை டிக்

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். இதை எந்தக் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டும் உனக்கு அனுப்பவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எதிரே உன் அப்பா தோசையைப் பிய்த்துச் சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நான் எழுதுகிறேன். அதனால் இந்த வரியை நம்பலாம். மற்றதை நம்புவதற்கு முன் கொஞ்சம் யோசி. உன்னை அப்படி யோசிக்கிற ஆளாகத்தான் வளர்க்க நினைத்தேன். நடுவில் எப்போதோ நீ உன் அப்பா பக்கம் சாய்ந்து, யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவனாகிவிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ மெல்பர்னிலிருந்து கூப்பிட்டுச் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. “அம்மா, என் புது போன்ல பெரட்டு மெசேஜ் சரியா வரமாட்டேங்குது. கட்டம்லாம் உடையுது. நான் அத ஒரே லைனா மாத்திடுறேன். நல்லாருந்தா ‘எல்லாரும் நலம்’னு மட்டும் வரும். அதத்தான் டெய்லி பாக்குறேன்ல, அப்பறம் எதுக்கு சண்டே சண்டே கால் பண்ணிக்கிட்டு? டைம் இருக்கறப்ப பண்றேன் லா.” நான் “சரி லா” என்றேன். நான் உடனே ‘சரி லா’ என்றால் அது சரியில்லை என்று அர்த்தம். உன் அப்பாவுக்கு அது கல்யாணமான முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்டது, உனக்கு இன்னும் தெரியவில்லை. போனை வைத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இதை உன் சிநேகிதர்களுக்கும் காட்டு. பெற்றவர்களை இங்கே விட்டுவிட்டு, அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மெஷினை வைத்துவிட்டுப் போன பிள்ளைகள் உன்னைப்போல் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்கித்தான் எழுத வேண்டும்.

நீ கிளம்புவதற்கு முன்னால் டிவி பக்கத்தில் சின்ன கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றை வைத்தாய். அப்பாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. காலையில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டரில் வைத்தால், அந்த எண் போன் வழியாகப் பெட்டிக்குப் போகும். அவருடைய பிரஷரும் என்னுடைய பிரஷரும் அதே மாதிரி போகும். நீ எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் தினமும் காலையில் அந்த எண்களை எடுத்து, அழகாகக் கட்டம் போட்டு, பெயர், அளவு, பக்கத்தில் ஒரு பச்சை டிக் என்று அடுக்கி, நம் மூன்று பேர் குரூப்புக்கு அனுப்பிவிடும். அதற்குப் பெரட்டு என்று பெயர் வைத்தாய். எஸ்டேட்டில் பொழுது விடியுமுன் ஆபீஸ் வாசலில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். பொருத்தமான பெயர் என்றுகூடச் சொன்னேன். இப்போது அந்தப் பெயரைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க அந்தக் கட்டத்தோடுதான் மல்லுக்கட்டினாய். நானும் அந்த வேலை தெரிந்தவள்தான். பெடாஸ் பக்கத்து எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதுகிற கம்ப்யூட்டர் கிராணியாக இருந்து, எந்த லாரி எப்போது எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனது என்று தினசரி ரிப்போர்ட் எடுக்கிற ஸ்கிரிப்டுகளை எழுதியவள். என் ரிப்போர்ட்டில் கட்டம் கிடையாது, கலர் கிடையாது. ஒரு வரிக்கு ஒரு லாரி, நடுவில் கமா, அவ்வளவுதான். “அம்மா, உங்க ரிப்போர்ட் கோழி கிளறுன மாதிரி இருக்கு” என்று நீ கிண்டல் பண்ணுவாய். இருக்கட்டும். கலர் போட்ட ரிப்போர்ட்டைக் கோப்பில் சேமித்து வேறொரு புரோகிராமில் திறந்தால், கலருக்குப் பதிலாக அடைப்புக்குறியும் எண்ணும் எம் என்ற எழுத்துமாகக் குப்பை கொட்டிக் கிடக்கும். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கலர் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

உன்னை ரொம்பப் படுத்தியது தமிழ் எழுத்து. printf என்கிற கட்டளையிடம் ‘பெயருக்கு இத்தனை இடம் ஒதுக்கு’ என்று சொன்னால் ஆங்கிலப் பெயருக்கு ஒழுங்காக ஒதுக்கிவிடும். தமிழை அது எழுத்தாக எண்ணுவதில்லை, உள்ளே இருக்கிற பைட்டுகளை எண்ணுகிறது. ‘அப்பா’ என்பது அதன் கணக்கில் ஒரு நீளமான பெயர். இடம் நிரம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் வெற்றிடம் விடாமல் அடுத்த எண்ணை ஒட்டிவிடும், வரிசை கோணிக்கொள்ளும். “இங்கிலீஷ்ல ‘Appa’ன்னு போட்டா முடிஞ்சிச்சு, எதுக்கு இந்தப் பாடு?” என்று கேட்டேன். “நம்ம வீட்டு பெரட்டு மா. அப்பா பேரு தமிழ்லதான் இருக்கணும்” என்றாய். அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் எவ்வளவு வெற்றிடம் சேர்க்க வேண்டும் என்று தனியாகக் கணக்குப் பண்ணி, கோடு ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும் வரை விடவில்லை. உன் பெட்டியில் பாதித் துணிகூட அடுக்காமல் கிடந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, தம்பி. அதை நான் மறைக்கவில்லை. அந்தக் கோடு நேராக நின்றதில் உன் பாசம் தெரிந்தது.

இருந்தாலும் என் புத்தி போகுமா? உன் தோளுக்குப் பின்னால் நின்று, “இந்தப் பச்ச டிக் எப்ப வரும்?” என்று கேட்டேன்.

“நம்பர் நல்லாருந்தா வரும் மா.”

“நம்பரே இல்லாட்டி?”

“ஏன் மா நம்பர் இல்லாமப் போவுது? அப்பா டெய்லி குத்துவாரு லா.”

ஹாலிலிருந்து உன் அப்பா, “ஆமா லா, குத்துவேன்” என்று குரல் கொடுத்தார். உங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு. ‘இவ ஆரம்பிச்சிட்டா’ என்கிற அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானதுதான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

என்னைச் சந்தேகப்பிராணி என்று நீங்கள் இருவரும் பெயர் வைத்திருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். டுரியான்காரன் தட்டிக் காட்டி ‘நல்ல பழம்’ என்றால் நான் அவன் முகத்தைத்தான் பார்ப்பேன். மழை இல்லை என்று போன் சொன்னால் துணியை உள்ளே எடுத்து வைப்பேன். கேஸை மூடிவிட்டு வாசல் வரை போய், திரும்பி வந்து குமிழைத் தொட்டுப் பார்ப்பேன். இதெல்லாம் சும்மா வந்ததில்லை. உனக்கு அப்போது அஞ்சு வயதுகூட ஆகவில்லை. ஆபீஸ் ஆட்கள் குடும்பத்தோடு சி ரூசா கடற்கரைக்கு பஸ் எடுத்துப் போனோம். சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. டிரைவர் அவசரப்படுத்த, பஸ் வாசலில் நின்று பெயர் கூப்பிட்டார்கள். உன் பெயர் வந்ததும் உன் சித்தப்பா பின்னாலிருந்து, “இருக்கான் இருக்கான், எடு லா” என்று கத்தினார். பஸ்ஸும் கிளம்பிவிட்டது. உன் குரல் வரவில்லையே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து சீட் சீட்டாகப் பார்த்தேன். நீ இல்லை. நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். இறங்கி ஓடினால், நீ ஐஸ்கிரீம் விற்கிறவரின் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு நிற்கிறாய். சித்தப்பா பொய் சொல்லவில்லை. நீ உன் அப்பா மடியில் இருப்பாய் என்று அவர் நினைத்தார், அப்பா நீ சித்தப்பாவிடம் இருப்பாய் என்று நினைத்தார். ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள், பார்த்தவர் யாருமில்லை. அன்றிலிருந்து ஒருவருக்காக இன்னொருவர் ‘இருக்கான்’ என்றால் நானே எழுந்து போய்ப் பார்ப்பேன்.

அப்படிப்பட்ட என்னையே உன் பச்சை டிக் ஏமாற்றிவிட்டது. இதுதான் நான் உன்னிடம் இதுவரை சொல்லாதது. அப்பாதான் சொல்லக்கூடாது என்றார். புது வேலை, புது ஊர், பிள்ளை பதறுவான் என்றார். போன ஞாயிறு நீ அந்த ஒரு வரி பற்றிப் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் சொல்லாமலேயே இருந்திருப்பேன்.

நீ போய்க் கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காலையில் ஹாலில் மீட்டர் ‘பீப்’ என்று கத்துவது எனக்கு அடுப்படி வரை கேட்கும். அப்புறம் குரூப்பில் கட்டம் வரும். நீ அங்கிருந்து கட்டைவிரல் போடுவாய். அந்த ‘பீப்’ சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. கட்டம் வந்துகொண்டே இருந்தது, டிக் பச்சையாகவே இருந்தது, என் காது அந்தச் சத்தத்தைத் தேடவில்லை. கேஸ் குமிழைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிற நான், புருஷனின் விரலைப் பார்க்கவில்லை. மூன்று பச்சை டிக் கண்ணில் பட்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஒருநாள் காலையில் நான் பெடாஸ் பசாருக்குப் போயிருந்தேன். அப்பா எழுந்ததும் வழக்கம்போல இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். சாப்பிட வேண்டியதுதானே? மேசையில் இட்லியை மூடி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். பழைய மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்று பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். பசாரிலிருந்து வரும் வழியில் எனக்குப் போனில் பெரட்டு வந்தது. பச்சை, பச்சை, பச்சை. வீட்டுக்கு வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தால், சட்டை தொப்பலாக நனைந்து, கையில் ஸ்பானரோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். “ஏங்க, என்னாச்சு?” என்றேன். “லாரிய எடுக்கணும், கோலா பிலாவுக்கு லோடு இருக்கு” என்றார். அவர் லாரி ஓட்டுவதை விட்டு எவ்வளவு காலமாகிறது! என்னைப் பார்க்கிறார், ஆனால் என்னைத் தெரியவில்லை. தம்பி, அந்தக் கண்ணை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

சீனித் தண்ணீரைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வைத்தேன். பாதி அவர் சட்டையில் கொட்டியது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மேரி அக்கா ஜெபமாலையும் கையுமாக ஓடி வந்தார். “காடிய எடுக்கிறேன், நீ அவரப் புடி” என்று சொல்லி, செருப்புகூடப் போடாமல் எங்களைத் தன் காரில் கிளினிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே விரலைக் குத்திப் பார்த்தார்கள். அவ்வளவு சீனித் தண்ணீர் குடித்த பிறகும் சீனி மிகவும் கீழே கிடந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார்கள். நான் பசாரில் கீரைக்காரியிடம் வாயாடிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்து அங்கேயே அழுதுவிட்டேன்.

கிளினிக்கில் இருந்த மலாய்க்காரத் தம்பி, வீட்டில் எடுத்த அளவுகள் இருக்கிறதா என்று கேட்டார். நான் பெருமையாகப் போனை நீட்டினேன். மகன் செய்தது என்றுகூடச் சொன்னேன். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் மாறியது. “மக்சிக்” என்று அத்தை முறை வைத்துக் கூப்பிட்டு, “இது என்ன?” என்று காட்டினார். அப்பா சீனி, 0.0, பச்சை டிக். முந்தின நாள், 0.0, பச்சை டிக். அதற்கு முந்தின நாளும் அதேதான். சீனி பூஜ்யமாக இருக்கிற மனுஷன் உயிரோடு இருக்க முடியுமா? அவ்வளவு நேரான கோட்டில், அவ்வளவு அழகான கட்டத்துக்குள், உன் அப்பா தினமும் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் சோறு வடித்தேன், நீ கட்டைவிரல் போட்டாய்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அவருக்குத் தெம்பு வந்த பிறகு கேட்டேன். முதலில் சுவரைப் பார்த்தார், அப்புறம் பூனையைப் பார்த்தார். கடைசியில், “பேட்டரி போயிருச்சு. மாத்தணும்னுதான் இருந்தேன். ஆனா மறுநாளும் டிக் வந்துச்சு லா. அப்பறம் எதுக்கு விரலக் குத்திக்கணும்?” என்றார்.

“டிக் வந்தா சீனி நல்லாருக்குன்னு அர்த்தமா? மீட்டரே வேல செய்யலன்னு உங்களுக்குத் தெரியுமே!”

“புள்ள எழுதுனது. வேற எதையாச்சும் பாத்துத்தான் சொல்லுதுன்னு நெனச்சேன். அவன் தப்பா எழுதுவானா?”

எனக்குச் சண்டை போடத்தான் வாய் வந்தது. அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எழுந்து போய் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன். அவர் மெஷினை நம்பவில்லை தம்பி, உன்னை நம்பினார். இதை நான் உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கொஞ்சம் குத்தினால் குத்தட்டும்.

மறுநாள் உன் ஸ்கிரிப்டைத் திறந்தேன். இன்றைய அளவு இருக்கிற கோப்பைப் படி என்று ஒரு வரி. கோப்பு இல்லையென்றால் கம்ப்யூட்டர் புகார் சொல்லும் இல்லையா? அந்தப் புகாரை யார் கண்ணிலும் படாமல் எறிந்துவிடு என்று அதே வரியின் கடைசியில் 2>/dev/null. பக்கத்தில், ‘டேபிள் கெடாம இருக்க’ என்று உன் குறிப்பு வேறு. புகார் நடுவில் வந்து விழுந்தால் கட்டம் கோணலாகிவிடும் என்று அதன் வாயைக் கட்டியிருக்கிறாய். கோப்பு இல்லாததால் கையில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை எண்ணாக எழுது என்று printf-இடம் கொடுத்தால், அது ஏன் எதற்கு என்று கேட்காமல் 0.0 என்று எழுதி, சொன்ன இடத்தில் சரியாக நிறுத்திவிடும். அப்புறம் உன் சோதனை. அளவு மேலே போனால் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. இனிப்பு நீர்க்காரருக்குச் சீனி ஏறும் என்றுதான் உனக்குப் பயம், இறங்கும் என்று தோன்றவே இல்லை. தமிழ் எழுத்துக்கு எவ்வளவு வெற்றிடம் விடுவது என்று ஒரு வாரம் யோசித்த பிள்ளை, அளவே வராத இடத்தில் என்ன எழுதுவது என்று யோசிக்கவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

இதில் நீ மட்டும் மோசம் என்று சொல்லமாட்டேன். நாம் எல்லோரும் செய்வதுதான். பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று இறங்கிவிட்டால், அசிங்கமாகத் தெரிகிற எதுவும் நமக்குத் தப்பாகத் தெரிய ஆரம்பித்துவிடும். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது அழுகிற பிள்ளையை வெளியே தூக்கிப்போவார்களே, அந்த மாதிரி. இனிமேல் எவனாவது ரொம்ப நேரான கட்டத்தைக் காட்டினால், எதை வெளியே தூக்கிப்போனார்கள் என்று முதலில் கேள். நீ வேலை செய்கிற இடத்திலும் கேள். உன்னைவிடப் பெரியவர்கள் காட்டினாலும் கேள். உனக்குச் சந்தேகப்பிராணி என்று பெயர் வரும். வந்தால் வரட்டும், அம்மா பெயர்தானே.

பெரட்டு என்று பெயர் வைத்தாயே, பெரட்டு எப்படி நடக்கும் தெரியுமா? என் ஆபீஸ் ஜன்னலிலிருந்து நான் தினமும் பார்த்திருக்கிறேன். வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோர் ராமையா பெயர் கூப்பிடுவார். இப்போது பாதிக்கு மேல் பங்களாதேஷ், இந்தோனேசியா ஆட்கள். சிலர் “ஹாடிர்” என்பார்கள், நம் ஆட்கள் “இருக்கேன்” என்பார்கள். எந்த மொழியானாலும் சரி, அவரவர் வாயால் பதில் வர வேண்டும். பக்கத்தில் நிற்கிறவன் பதில் சொன்னால் டார்ச்சை முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டுத் திட்டுவார். பதிலே வரவில்லையென்றால் அந்தப் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதமாட்டார், இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். எல்லோரையும் வேலைக்கு அனுப்பிவிட்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு அந்த ஆள் குடியிருக்கிற லைன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவார்.

“ஏன் மண்டோரே, ஆப்சென்ட்னு போட்டுட்டு வேலையப் பாக்க வேண்டியதுதானே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“போட்டுரலாம் லா கிராணியம்மா. ஆளு வேணும்னே வராம இருக்கானா, காய்ச்சல்ல கெடக்கானான்னு தட்டுனாத்தானே தெரியும்?”

லைனில் யார் வீட்டிலாவது ஓசிக் காப்பி குடிக்கத்தான் போகிறார் என்று நான் அப்போது சந்தேகப்பட்டேன். காப்பியும் குடித்துவிட்டுத்தான் வருவார். ஆனாலும் தட்டுவார். நீ எழுதிய பெரட்டு தட்டவில்லை, தம்பி. பதில் வராத பெயருக்கு ‘இருக்கான் இருக்கான், எடு லா’ என்றது. சி ரூசாவில் உன் சித்தப்பா சொன்னதைத்தான் அது தினமும் சொன்னது.

இப்போது உன்னைச் சந்தேகப்படுகிறேன். நேராகவே கேட்கிறேன். அந்த 0.0 உன் கண்ணில் பட்டதா? பட்டும், டிக் பச்சையாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டாயா? இல்லை, நீ கட்டத்தைத் திறந்தே பார்க்காமல் கட்டைவிரலை மட்டும் போட்டாயா? அப்பா சுவரில் சாய்ந்து கிடந்த அந்தக் காலையில் நீ கட்டைவிரலோடு ஒரு சிவப்பு இதயமும் போட்டிருந்தாய். இன்னும் குரூப்பில் இருக்கிறது, மேலே போய்ப் பார். கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் கோபமாக வந்தது. இப்போது கோபம் இல்லை, பயம்தான் இருக்கிறது. நீ ரயிலில் நின்றுகொண்டோ, மீட்டிங்குக்குப் போகிற அவசரத்திலோ பெற்றவர்களை ஒரு விரலால் தள்ளிவிட்டுப் போகிற ஆளாகிவிடுவாயோ என்று பயம். அந்த ‘எல்லாரும் நலம்’ என்கிற ஒரு வரி வந்துவிட்டால், தள்ளுவதற்கு அந்த விரல்கூட வேண்டாம்.

அதனால் உன்னைக் கேட்காமல் ஸ்கிரிப்டில் கை வைத்துவிட்டேன். அளவு வராத பெயருக்கு இனி எண் வராது, டிக் வராது, ‘பதில் இல்லை’ என்று வரும். அது நீ விட்ட இடத்தில் அடங்கவில்லை. கோடு தள்ளிக்கொண்டு கோணலாக நிற்கிறது. நிற்கட்டும், கோணலாக இருந்தால்தான் கண் அங்கே போகும். புகார்களின் வாயைக் கட்டிய இடத்தை அவிழ்த்துவிட்டேன், அவையும் நடுவில் வந்து விழும். சீனி இறங்கினாலும் சிவப்பு வரும்படி செய்துவிட்டேன். மீட்டருக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. காலையில் அவர் குத்தும்போது நான் பக்கத்திலேயே நின்று பார்க்கிறேன், அவர் முறைக்கிறார். நீ அங்கிருந்து இதையெல்லாம் அழித்துவிட்டு ஒரே வரியாக மாற்றலாம். உனக்கு அந்த வித்தை தெரியும். மாற்றினால் நான் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன், எனக்கு அந்த வித்தை தெரியும்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். கட்டத்தில் நான்காவது வரியாக ஒரு பெயர் சேர்த்திருக்கிறேன், கதிர் என்று. உன் பெயர்தான். அதற்கு எந்த மீட்டரும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, உன் குரலை நான் கேட்டு, சாப்பிட்டாயா தூங்கினாயா என்று விசாரித்து, நீ பொய் சொல்கிறாயா என்று பார்த்துவிட்டு, நானே என் கையால் டிக் போடுவேன். அதுவரை உன் பெயருக்கு எதிரேயும் ‘பதில் இல்லை’ என்றுதான் இருக்கும். கட்டைவிரல், இதயம் எதுவும் செல்லாது. மண்டோர் மாதிரி மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்து தட்டலாம் என்றால், உன் கதவு எனக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

உன் அப்பா தோசையை முடித்துவிட்டார். “யாருக்கு இவ்ளோ நேரமா எழுதுற?” என்று கேட்டார். உனக்கு என்றேன். “நான் நல்லாருக்கேன்னு எழுது லா” என்கிறார். மேலே முதல் வரியிலேயே அதை எழுதிவிட்டேன், பார்த்துக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் அது நான் எழுதிய நேரத்துக்குத்தான் சரி. நீ இதைப் படிக்கிற நேரத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று இந்தக் கடிதத்துக்குத் தெரியாது. கூப்பிட்டு அவரையே கேள்.

அம்மா